தொழுநோயும் உருமாறும் செல்லும்: திருமணியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி

தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதும் 2001-இல் படித்து முடிக்கப்பட்டது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் கோலும் பிரிட்டனின் சாங்கர் மையமும் சேர்ந்து செய்த வேலை அது. ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அவர்கள் படித்த கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு, ஆர்மடில்லோ என்னும் விலங்கின் உடலில் பெருக்கப்பட்டது. அந்த இனவகைக்கு ‘டி.என்.’ என்று பெயர். இன்றும் உலகில் எங்கே ஒரு தொழுநோய்க் கிருமியின் மரபணுவை ஆராய்ந்தாலும், அதை ஒப்பிட்டுப் பார்க்க எடுப்பது தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய இந்தக் கிருமியைத்தான்.

அந்த ஆய்வு காட்டிய கிருமி, வியப்பூட்டும் அளவுக்கு வறியது. அதன் உறவினரான காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் உண்டு. இதற்கோ வேலை செய்பவை சுமார் 1,600 மட்டுமே. இன்னும் 1,100-க்கும் மேற்பட்டவை செயலிழந்து, எச்சங்களாகக் கிடக்கின்றன. சத்தை உடைத்துச் சக்தியாக்கும் வழிகள் பலவற்றை இது காலப்போக்கில் இழந்துவிட்டது. அதனால்தான் நார்வேயில் ஆர்மவர் ஹான்சன் 1873-இல் இதைக் கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் கண்ணாடித் தட்டில் இதை வளர்க்க முடியவில்லை. ஒன்று இரண்டாகப் பிரிவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது.

இவ்வளவு இயலாத ஒரு கிருமி எப்படி மனித உடலில் இருபது ஆண்டுகள்கூடப் பதுங்கியிருந்து, விரல்களை மடக்கி, பாதத்தைத் தொங்க வைத்து, கண் இமையை மூட முடியாமல் செய்கிறது? கடந்த சில ஆண்டுகளில் இதற்குக் கிடைத்திருக்கும் விடை, செல் உயிரியலில் மிக ஆழமான ஒரு விஷயத்தைத் தொடுகிறது. தன்னிடம் இல்லாத திறன்களை இந்தக் கிருமி தான் குடியிருக்கும் செல்லிடமிருந்து பெறுகிறது. போதாதபோது அந்தச் செல்லின் அடையாளத்தையே மாற்றுகிறது.

உடலில் எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என நான்கு வகைத் திசுக்கள் உண்டு என்று பள்ளியில் படிக்கிறோம். படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். ஒரு வகையைச் சேர்ந்த செல் இன்னொரு வகைக்குப் போகும் என்று அந்தப் பாடம் சொல்வதில்லை. ஆனால் அப்படிப் போகாமல் நாம் யாரும் உருவாகியிருக்க முடியாது.

தாயின் வயிற்றில் கருவுக்கு நான்கு வாரம் ஆகும்போது முதுகுப்புறத்தில் ஒரு குழாய் மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்து வருபவை. குழாய் மூடும் விளிம்பில் இருக்கும் செல்களுக்கு நரம்பு முகடு செல்கள் என்று பெயர். அதுவரை பக்கத்துச் செல்லோடு இறுகப் பிணைந்து, வரிசையாக நின்றவை அவை. திடீரென அந்தப் பிணைப்புப் புரதங்களைக் கைவிட்டு, வடிவம் மாறி, நழுவி நகரத் தொடங்குகின்றன. கருவுக்குள் நெடுந்தூரம் போகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் சில முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும் ஆகின்றன. சில தோலுக்கு நிறம் தரும் செல்களாகின்றன. சில குடலின் நரம்பு வலையாகின்றன. இன்னும் சில, கை கால்களுக்குப் போகும் நரம்பிழைகளைச் சுற்றி உறையாக அமைகின்றன. பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ல தவாரென், காடைக் கருவின் செல்களைக் கோழிக் கருவில் பொருத்தி, எந்தச் செல் எங்கே போய் எதுவாகிறது என்று தடம் பிடித்துக் காட்டினார். வளர்ச்சி உயிரியலில் இவ்வளவு அழகான சோதனைகள் குறைவு.

எதிர்த்திசையிலும் இந்தப் பயணம் உண்டு. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் உருவாகும்போது, தளர்ந்து கிடக்கும் செல்கள் ஒன்றுகூடி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, குழாய்ச் சுவராக மாறுகின்றன. பிறந்த பிறகு இந்தத் திறன் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, அழிந்துவிடுவதில்லை. புண் ஆறும்போது அதன் விளிம்புச் செல்கள் கொஞ்சம் தளர்ந்து நகர்வது இந்தத் திறனால்தான்.

நோயிலும் இதே திறன் தலைகாட்டும். புகைப்பவரின் மூச்சுக்குழாயில் மயிரிழை கொண்ட நெட்டைச் செல்கள் மறைந்து, தோலில் இருப்பது போன்ற தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக வந்துவிடும். கருப்பை வாயில் ஒருவகைச் செல்படலம் இன்னொன்றாக மாறும் வளையத்தில்தான் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குகிறது. பெண்களுக்குச் செய்யும் பரிசோதனை குறிவைப்பதும் அந்த வளையத்தைத்தான். புற்றுக்கட்டியிலிருந்து சில செல்கள் பிணைப்பை விட்டு ரத்தத்தில் ஏறுவதும், கருவில் நரம்பு முகடு செல்கள் கையாளும் அதே மரபணு விசைகளைக் கொண்டுதான் என்று இன்று தெரியும். இவை பற்றித் தமிழிலேயே நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத ஒன்று. செங்கல்பட்டுக்கு மிக நெருக்கமானது.

கருவில் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு நரம்பிழையைச் சுற்றிக்கொண்ட செல்லுக்கு ஷ்வான் செல் என்று பெயர். நம் கைகால் நரம்புகளில் செய்தி விரைந்து போவது இதன் மயலின் உறையால். நரம்பு அறுபட்டால் இந்தச் செல் ஒரு காரியம் செய்யும். உறையைக் களைந்துவிட்டு, ஏறக்குறைய தன் இளமைக்குத் திரும்பி, சிதைவுகளை அகற்றி, புதிய நரம்பிழை வளர்வதற்குப் பாதை அமைத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் மறுபடி உறையாகிவிடும். வளர்ந்த மனித உடலில் இத்தனை நெகிழ்வுள்ள செல்கள் அரிது. தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்தச் செல்லில்தான்.

எப்படிக் குடியேறுகிறது என்பது முதலில் தெளிவானது. அனுர ரம்புக்கனவும் உடன் ஆய்வாளர்களும், ஷ்வான் செல்லைச் சுற்றியுள்ள லேமினின் என்ற புரதத்தில் கிருமி ஒட்டிக்கொள்வதை 1997-இலும், அங்கிருந்து செல்லின் மேற்பரப்பில் எந்த ஏற்பியைப் பிடிக்கிறது என்பதை 1998-இலும் காட்டினர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில், எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து அதே ரம்புக்கனவின் குழு ‘செல்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, எங்களைப் போன்று நுண்ணோக்கியில் இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

சுண்டெலியின் ஷ்வான் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றுக்குள் தொழுநோய்க் கிருமிகளை விட்டார்கள். சில வாரங்களில், ‘நான் ஷ்வான் செல்’ என்று அந்தச் செல்லுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவற்றில் முக்கியமானது சாக்ஸ்-10. டி.என்.ஏ.வின் மேல் இருக்கும் ரசாயனக் குறிகள்கூட மாறியிருந்தன. பதிலுக்கு, கருவின் தொடக்கத்தில் நகர்ந்து திரியும் செல்களில் மட்டும் விழித்திருக்கும் மரபணுக்கள் எழுந்தன. நரம்பைச் சேர்ந்த செல், குருத்துச் செல்லின் சாயலுள்ள, நகரும் செல்லாகிவிட்டது. தகுந்த சூழல் கொடுத்தபோது அது எலும்புச் செல்லாகவும் கொழுப்புச் செல்லாகவும் மாறியது. சுண்டெலியின் தசையில் செலுத்தியபோது தசைச் செல்லானது, உள்ளே கிருமியைச் சுமந்தபடியே. இன்னொரு வழியும் இருந்தது. மாறிய செல்கள் ரசாயனச் சமிக்ஞைகளை வெளியிட்டு மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்களை வரவழைத்து, அவற்றுக்குக் கிருமியைக் கைமாற்றின.

கருவை உருவாக்கும் கலையை உடலிடமிருந்தே எடுத்து, ஒரு பாக்டீரியா தான் பரவுவதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது. செல்லின் அடையாளத்தைப் பின்னோக்கித் திருப்பலாம் என்று தவளையில் 1962-இல் காட்டிய ஜான் கர்டனுக்கும், நான்கு மரபணுக்களைக் கொண்டு 2006-இல் சுண்டெலியின் செல்லில் அதைச் செய்த ஷின்யா யமனகாவுக்கும் 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, இந்தக் கிருமி அதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்கிறது என்ற செய்தி வந்தது. 2022-இல் அதே குழு இன்னொன்றையும் வெளியிட்டது. கிருமி புகுந்த ஆர்மடில்லோக்களின் கல்லீரல் பெரிதாகியிருந்தது. தழும்பில்லை, கட்டியில்லை, அமைப்புக் குலையாமல் வளர்ந்திருந்தது. கல்லீரல் செல்களை ஓரளவு இளமைக்குத் திருப்பித்தான் கிருமி தனக்கு இடத்தைப் பெருக்கிக்கொண்டது என்பது அவர்கள் முடிவு. இந்த வித்தையைக் கற்றுக்கொண்டால் சிதைந்த கல்லீரலைச் சீர்படுத்தலாமோ என்ற நம்பிக்கையும் அங்கிருந்து பிறந்திருக்கிறது.

இங்கே ஒரு நிதானம் தேவை. 2013-இன் சோதனை சுண்டெலியிலும் சுண்டெலிச் செல்லிலும் நடந்தது. அதில் செல் ஒவ்வொன்றிலும் கிருமிகள் ஏராளம். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே கிருமி அவ்வளவு பெருகும். மற்றவர்களின் திசுவைக் கூர்ந்து தேடினாலும் ஒன்றிரண்டு கிருமிதான் கண்ணில் படும். ஆனால் நரம்பு வேகமாகப் பாழாவது அவர்களுக்குத்தான். ஆகவே எல்லா நரம்புச் சேதத்துக்கும் ஷ்வான் செல்லின் உருமாற்றமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் லலிதா ராமகிருஷ்ணனின் குழு 2017-இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் செய்த ஆய்வு வேறொரு கதையைச் சொல்கிறது. கிருமியின் மேலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் விழுங்கு செல்களைத் தூண்டிவிட, நரம்பின் உறையை முதலில் சிதைப்பது அந்த விழுங்கு செல்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்கிறது அது. இரண்டில் எது மனித நரம்பில் நடக்கிறது? ஒரே நோயாளியில் இரண்டுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா? சுண்டெலியும் மீனும் ஆர்மடில்லோவும் இதற்குப் பதில் சொல்லாது. மனித நரம்புதான் சொல்ல வேண்டும். அந்த நரம்புகள் இருப்பது நம்மிடம்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் அன்றைய சென்னை அரசு லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தை அமைத்தது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய் வரலாற்றின் திருப்பங்கள் சில இந்த வளாகத்தில் நிகழ்ந்தவை. 1930-களில் இங்கே தலைமை மருத்துவராக வந்த ராபர்ட் காக்ரேன், டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், 1940-களின் பிற்பகுதியில் காக்ரேனைப் பார்க்க இங்கே வந்தார். மடங்கிப்போன விரல்களோடு நின்ற ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னவர், அந்தப் பிடியின் வலுவில் திகைத்துப் போனார். சதை அழுகும் நோய் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த நோயில் தசை நன்றாக இருந்தது. செத்திருந்தவை அதை இயக்கும் நரம்புகளில் சில மட்டுமே. வேலூரில் பிராண்ட் தொடங்கிய தசைநாண் மாற்று அறுவைசிகிச்சைகள் இந்தப் புரிதலிலிருந்து வந்தவை. கால்புண்ணுக்குக் காரணம் வலி தெரியாமல் நடப்பதுதான் என்று அவர் காட்டிய பிறகே எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் செருப்பு போன்ற எளிய காப்புகள் நோயாளிகளின் காலுக்கு வந்து சேர்ந்தன.

இந்த மாவட்டத்து மக்கள் அறிவியலுக்குக் கொடுத்ததும் கொஞ்சமல்ல. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. சோதனையில் லட்சக்கணக்கானோர் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையை உலகம் அவர்களிடமிருந்துதான் கற்றது.

இன்று திருமணி என்றால் செய்திகளில் வருவது தடுப்பூசி வளாகம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்ததும் அதைத்தான். இயங்காமல் கிடக்கும் அந்த வளாகத்துக்காக எழும் குரல் நியாயமானது. நூறாண்டு கடந்த தொழுநோய் நிலையத்துக்காகவும் அப்படி ஒரு குரல் எழ வேண்டும் என்பது என் வாதம்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். 2005 இறுதியில் இந்தியா அறிவித்தது வேறு: பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக வந்துவிட்டதால், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியது என்பது மட்டுமே. அந்த அறிவிப்புக்குப் பிறகு இந்த நோயின் மேலிருந்த கவனம் கலைந்தது. இப்போதும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் இங்கேதான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கியிருந்த சட்டப் பிரிவுகளை நீக்கவே 2019 வரை ஆனது.

1982 முதல் உள்ள கூட்டு மருந்து சிகிச்சை அருமையானது. ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி சாகும். மாத்திரை இலவசம். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து, அது மாற்றிவிட்டுப் போன செல்லைப் பழையபடி ஆக்குவதில்லை. சிகிச்சை முடிந்து ‘குணமானவர்’ என்று பதிவேட்டில் ஏறியவர்களில் சிலருக்கு அதன்பிறகும் நரம்பு வீங்குகிறது, விரல் மடங்குகிறது. அப்போது நம் கையில் இருப்பது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு ஒன்றுதான். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் வந்தால் பலன் தரலாம். அதைத் தாண்டினால் நம்பிக்கை குறைவு. ஷ்வான் செல் தன் அடையாளத்தை இழப்பதுதான் சேதத்தின் ஒரு பகுதி என்றால், வீக்கத்தை அடக்கும் மருந்து மட்டும் போதாது. அந்தச் செல்லை அதன் அடையாளத்தில் நிறுத்திவைக்கும் மருந்து வேண்டும். எந்த நோயாளிக்கு எந்த வாரத்தில் என்று தெரியாமல் அப்படி ஒரு மருந்தைத் தேடவே முடியாது.

நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு மரபணு ஆராய்ச்சிக்குப் பணமா என்று பொதுச் சுகாதாரத் துறை நண்பர்கள் கேட்பார்கள். நான் இரண்டையும் கேட்கிறேன். ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்டும். செல் மாறத் தொடங்குவது தோலில் தேமல் கண்ணில் படுவதற்கு முன்பே என்றால், தேமலை மட்டும் பார்த்து நோய் தேடுவது தாமதம். முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் நரம்பைத் தொட்டுத் தடிப்பு பார்ப்பதும், நைலான் இழையால் உள்ளங்கை உணர்வைச் சோதிப்பதும் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரின் வேலையில் சேர வேண்டும். தொழுநோய்க்கென இருந்த மருத்துவம் சாரா மேற்பார்வையாளர்களின் விரல்களில் இந்தக் கலை இருந்தது. அவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே போகிறது. கூடுதலாகச் சில நிமிடங்கள் கைகால் நரம்புக்கும் ஒதுக்கலாம்.

கடற்கரைப் பக்கம் இது இன்னும் அவசரம். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளி பிடிக்கும் கைக்கும், தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் வலை இழுக்கும் கைக்கும் காய்ப்பு இயல்பு. சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால் வேலை செய்து செய்து இப்படி ஆகிவிட்டது என்று அவரும் நினைப்பார், வீட்டாரும் நினைப்பார்கள். சில சமயம் மருத்துவரும் அப்படியே நினைத்துத் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். சுடுகல் சுட்டதும் நைலான் நரம்பு அறுத்ததும் தெரியாமல் போகும்போதுதான் சந்தேகம் வரும். அதற்குள் ஸ்டீராய்டுக்கான ஆறு மாதம் கடந்திருக்கும். திருக்கழுக்குன்றம் வழியாகத் திருமணிக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடக்கூடியவர்கள் இவர்கள்.

திருமணியில் தேவைப்படுவது புதிய கட்டடமோ பெரிய அறிவிப்போ அல்ல. மருந்துக்குக் கிருமி பணிகிறதா என்று சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துப் பார்க்கும் ஆய்வகம் அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. நோயாளிகள் வருகிறார்கள். நரம்பைத் தொட்டறிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். இவர்களோடு செல் உயிரியல் படித்த இளைஞர்கள் சிலரை, மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் கலைந்து போகாத பணியிடங்களில், அமர்த்த வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் பல்கலைக்கழகங்களும் இதில் கைகோக்க முடியும். பக்கத்திலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அரிது.

முதல் படி மிக எளியது, செலவும் குறைவு. தொழுநோயை உறுதிசெய்ய எடுத்த தோல் திசுக்களும், ஏற்கெனவே உணர்விழந்த சிறு நரம்புக் கிளைகளிலிருந்து நோயாளியின் சம்மதத்தோடு எடுத்த துண்டுகளும், பாரஃபின் கட்டிகளாக நோய்க்குறியியல் துறைகளின் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் நாங்கள் ஃபைட் சாயமிட்டுக் கிருமியைத் தேடுகிறோம். கிருமியை எண்ணி அறிக்கை எழுதியதும் கட்டி மறுபடி அலமாரிக்குப் போகிறது. சாக்ஸ்-10 புரதத்தைக் காட்டும் சாயமும் இன்று புதிதல்ல. மெலனோமா என்னும் தோல் புற்றைக் கண்டறியச் சென்னையில் அன்றாடம் பயன்படுகிறது. அதே சாயத்தை இந்தக் கட்டிகளிலிருந்து சீவிய ஸ்லைடுகளில் இட்டு, கிருமி நிறைந்த நரம்பிலும் கிருமி அரிதான நரம்பிலும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும், ஷ்வான் செல்கள் இன்னும் ஷ்வான் செல்களாகவே இருக்கின்றனவா என்று நோயாளி வாரியாக எண்ணலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்தால், ஒரு பட்டமேற்படிப்பு மாணவரால் ஓராண்டில் தொடங்கி நடத்திவிடக்கூடிய வேலை இது.

- கட்டுரையாளர், நோய்க்குறியியல் மருத்துவர்